பத்திரிகை வைத்த வீட்டுக் காப்பி

“குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தாருன்னு ஊரே—”

“பேசட்டும்ங்கிறேன்ல!”

“—சம்பந்தி வீடு வரைக்கும் போயிருச்சு, அதாவது தெரியுமா ஒங்களுக்கு—”

“போகட்டும்! குடிகாரன்னு சொன்னா ஒரு கல்யாணமும் நிக்காது. சுகர்காரன்னு சொல்லிப் பாரு, அன்னைக்கே நிக்கும்!”

“சிஸ்டர், இந்த மனுசன் ஒரு சொட்டு தொட்டதில்ல சிஸ்டர். ஒரு பீடி கூட—”

“ஏத்தா, நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல, நீ செத்த சும்மா இரு.”

“நீங்க பேசிப் பேசித்தான இங்க வந்து நிக்கிறோம்!”

தமிழ்ச்செல்வி சிஸ்டர் கணவன், மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா நான் யாரைத் திட்டுறது? மொதல்ல உக்காருங்க. அக்கா, நீங்க இந்தப் பக்கம். அண்ணே, நீங்க அந்தப் பக்கம். நடுவுல நான்.”

உட்கார்ந்தார்கள். முத்துமீனா முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டாள். கருத்தக்கண்ணன் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து, போட்டுக்கொள்ளாமல் மறுபடி பைக்குள் வைத்தார்.

வில்லாபுரத்தில் இருக்கும் சின்ன சர்க்கரை நோய் கிளினிக் அது. முன்னறையில் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாத்திரை எழுதுவார். எழுதியதும் பின்னறைக்கு அனுப்புவார். பின்னறை தமிழ்ச்செல்வியுடையது. எந்த மாத்திரையை எப்போது போடுவது, எதை எவ்வளவு சாப்பிடுவது, பாதத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்பதையெல்லாம் அவர் சொல்லிக்கொடுப்பார். சொன்னதை ஏன் செய்யவில்லை என்று கேட்பதும் அவர் வேலைதான். முன்பெல்லாம் அதைத் திட்டிக் கேட்பார். நோயாளியின் மனதோடு பேசுவது எப்படி என்று சென்ற வருடம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து திட்டாமல் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார். பழக்கம் இன்னும் முழுதாகப் படியவில்லை.

“சொல்லுங்க அண்ணே. அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல சிஸ்டர். லேசா கிறுகிறுன்னு வந்துச்சு.”

“லேசா!” என்றாள் முத்துமீனா.

“அக்கா.”

“சரி, நான் பேசல.”

கருத்தக்கண்ணன் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவு மில் வைத்திருக்கும் கைகள். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும்.

“மகளுக்குக் கல்யாணம் சிஸ்டர். திவ்யாவுக்கு. நிச்சயம் முடிஞ்சிருச்சு. மாப்பிள்ளை அழகுபாண்டி, தல்லாகுளத்துல ஆபீஸ் வேல. பூர்வீகம் எங்க பக்கந்தேன், டி. கல்லுப்பட்டிக்கு மேக்க. அதனால அங்கிட்டு பூராம் ஒறவுமுறை. வீடு வீடா நேர்ல போயிப் பத்திரிகை வைக்கணும்.”

“சரி.”

“போன வீட்டுல ஒண்ணும் குடிக்காம எந்திரிக்க முடியுமா? காப்பி, இல்லைன்னா கலரு சோடா. கை நனைக்காம வந்தா அந்தப் பத்திரிகை வச்ச கணக்குலயே சேராது. ‘வந்தான், வாசல்ல நின்னான், வீசிட்டுப் போயிட்டான்’னு கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல வச்சே கேப்பாக. ஒரு வீட்டுல குடிச்சிட்டு அடுத்த வீட்டுல வேணாம்னா அதுக்கும் ஒரு கேள்வி வரும்.”

“எம்புட்டுச் சீனி போடுவாங்க?”

“பத்திரிகை வைக்க வந்தவனுக்குச் சீனியைக் கொறைப்பாகளா? பாயசம் மாதிரி இருக்கும்.”

“அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். முத்துமீனா ஜன்னலைப் பார்த்தாள்.

“காலையிலயே அந்த மாத்திரைய ரெண்டாப் போட்டுக்கிட்டேன். சோறும் திங்கல. எப்பிடியும் வரிசையா காப்பி உள்ள போகப் போகுதுல்ல, அதுக்குச் சரியாப் போகும்னு.”

தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தார். மூடினார். மேசை விளிம்பை விரலால் ஒரு முறை தட்டினார்.

“பொறகு?”

“போனா, ஊருக்குள்ள ஒரு எழவு. எல்லாச் சனமும் அங்க கெடக்கு. வீடு பூராம் பூட்டு. எழவு வீட்டுல போயிக் கல்யாணப் பத்திரிகைய நீட்ட முடியுமா? அடுத்த ஊருக்கு நடப்போம்னு நடந்தேன். அங்கயும் அதே சொந்தந்தேன், அங்கயும் பூட்டு. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க ஆளில்ல. உள்ள போன மாத்திரை மட்டும் வேலையப் பாத்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு வாரதுக்குள்ள வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, நாக்கு தடிச்சுப் போச்சு. டிக்கெட் வாங்குற மாதிரி ஒரு பூக்காரம்மாகிட்டப் போயி என்னமோ கேட்டேனாம். அப்பிடியே சரிஞ்சுட்டேன்.”

“அந்தப் பூக்காரம்மாதான் சிஸ்டர் கத்தியிருக்கு, ‘பட்டப்பகல்ல போட்டுட்டு வந்து பொம்பளைகிட்ட ஒளறுறான்’னு” என்றாள் முத்துமீனா. இனி அவளை நிறுத்த முடியாது. “சர்பத் கடைக்காரரு போதை தெளியட்டும்னு ஒரு பெரிய கிளாஸ் எலுமிச்சம்பழ சர்பத்தைக் கொண்டாந்து வாயில ஊத்தியிருக்காரு. குடிச்சுட்டு இவரு கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. ‘பாத்தியா, தெளிஞ்சிருச்சு’ன்னு கூட்டமே சொல்லிருக்கு! பத்திரிகைக் கட்டு வேற பக்கத்துல கெடக்கு. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு எல்லாத்தையும் எடுத்து வாசிச்சுப் பாத்திருக்காங்க.”

“வாடை அடிக்கலைன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான்” என்றார் கருத்தக்கண்ணன். “அதுக்கு இன்னொருத்தன், இப்பல்லாம் வாடை இல்லாத சரக்கு வந்துருச்சுன்னானாம்.”

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கருத்தக்கண்ணனும் சிரித்தார். முத்துமீனா மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணே, அந்தச் சர்பத்துதான் ஒங்க உயிரக் காப்பாத்துச்சு. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிப் போச்சு ஒங்களுக்கு. அந்தாளு போதை எறங்கட்டும்னு புளிச்ச மோரைக் கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியல. அந்த மாத்திரையப் போட்டா சாப்பிட்டே ஆகணும், ரெண்டாப் போடவே கூடாது. பையில எப்பவும் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ இருக்கணும். எத்தனை தடவ சொல்லிருக்கேன்?”

“சொன்னீங்க சிஸ்டர்.”

“காப்பிய வேணாம்னு சொல்லுங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?”

“ஒவ்வொரு தடவையும் சொன்னீங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரிங்க சிஸ்டர்னு சொன்னேன்.”

குரல் உயர்ந்துவிட்டதை தமிழ்ச்செல்வி அப்போதுதான் கவனித்தார். சற்று நிறுத்தினார்.

“காப்பி கொடுத்தவுகளுக்கும் சரின்னீங்க, எனக்கும் சரின்னீங்க. மனசு கோணக் கூடாதுன்னு எல்லாருக்கும் சரி. தப்பு என் மேலயும் இருக்குண்ணே. என்ன செய்யணும்னு சொன்னேன். ஏன் செய்ய முடியலைன்னு நான் கேக்கல. இப்பக் கேக்குறேன். குடிகாரன்னு பேரு வாங்குனாலும் பரவாயில்ல, சுகர்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்க. அப்பிடி என்ன பயம்?”

“பயமெல்லாம் இல்ல.”

“சரி.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தார். பயிற்சியில் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது இந்தக் காத்திருப்புதான். வெளியே யாரோ டோக்கன் எண் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்க அண்ணனுக்கு இருந்துச்சு” என்றார் கருத்தக்கண்ணன் கடைசியில். “கால எடுத்தாக. அதுக்கப்பறம் ஊருல அவரைப் பேரு சொல்லி யாரும் கூப்பிடல சிஸ்டர். சுகர்காரர் வீடு, சுகர்காரர் கெணறு, சுகர்காரர் மக. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு எடமா வந்து தட்டிப் போச்சு. ‘அப்பனுக்கு இருக்கு, பிள்ளைக்கு வரும், அதுக்குப் பெறக்குறதுக்கும் வரும்’னு மொகத்துக்கு நேராவே சொல்லிட்டுப் போனாக. அண்ணன் வீல்சேர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல நின்னேன். எனக்கும் அப்பவே இருந்துச்சு. யாருக்கும் தெரியாது.”

முத்துமீனா ஜன்னலிலிருந்து திரும்பினாள். “இதை என்கிட்டக் கூடச் சொன்னதில்லையே.”

“சொல்லி?”

தமிழ்ச்செல்வி, ‘அதெல்லாம் பயப்படாதீங்க’ என்று சொல்லவில்லை. “அந்தப் பயம் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்ணே. கண்ணால பாத்திருக்கீங்க. சம்பந்திகிட்டச் சொல்றதா வேணாமாங்கிறது ஒங்க முடிவு. நான் அவசரப்படுத்தல. ஆனா இன்னும் பாதி ஊருக்குப் பத்திரிகை வைக்கணும்ல? கல்யாணத்தன்னைக்கு நீங்க நிக்கணும்ல? சுகருங்கிற பேச்சே எடுக்க வேணாம். காப்பிய மட்டும் வேணாம்னு சொல்லப் பழகுவோம். இங்கயே, இப்பவே. நான்தான் அந்த வீட்டுக்காரி.”

“என்ன சிஸ்டர், நாடகமா?”

“ஆமா. எந்திரிங்க. வெளிய போயிட்டு உள்ள வாங்க.”

சொன்னபடி கதவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தார். தமிழ்ச்செல்வி வீட்டுக்காரி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

“வாங்க மாமா, வாங்க! மகளுக்குக் கல்யாணமாமே! உக்காருங்க, இந்தா காப்பி.”

“இல்லம்மா, வேணாம்.”

“ஏன், எங்க வீட்டுத் தண்ணி தொண்டையில எறங்காதோ?”

“அப்பிடியில்லம்மா, இப்பத்தேன் குடிச்சேன்.”

“யாரு வீட்டுல?”

கருத்தக்கண்ணன் முழித்தார். முத்துமீனா எழுந்து வந்தாள். “தள்ளுங்க சிஸ்டர், ஒங்களுக்கு இது வராது” என்று சொல்லிவிட்டுக் கணவனுக்கு நேராக நின்றாள். “ஓஹோ! எங்களுக்கு முன்னாடி அவுக வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரீகளா? பங்காளி வீட்டுக்குப் பிந்திப் போனா என்ன, அவுக மாடி வீட்டுக்காரவுக, நாங்க ஓட்டு வீடுதானே! வச்சுட்டுப் போங்க மாமா ஒங்க பத்திரிகைய. வந்தாப் பாப்போம்.”

கருத்தக்கண்ணன் தன்னை அறியாமல் கையை நீட்டி இல்லாத டம்ளரை வாங்கிவிட்டார்.

அறையே சிரித்தது. இந்த முறை முத்துமீனாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் தமிழ்ச்செல்வி விடவில்லை. மறுபடி வெளியே அனுப்பினார். மறுபடி உள்ளே வரச் சொன்னார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

*

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் சேர்ந்தே கிளம்பினார்கள். காலையில் இட்லி, ஒற்றை மாத்திரை. சட்டைப் பையில் மடித்த காகிதத்தில் சீனி. மக்காச்சோளம் அறுத்து முடிந்த காடுகளுக்கு நடுவே மினி பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போனது.

முதல் வீடு அவருடைய பங்காளி அசோக்குமாருடையது. அவன் மனைவி பாண்டீஸ்வரி வாசலுக்கே வந்துவிட்டாள்.

“வாங்க மாமா, வாங்கக்கா. இருங்க, காப்பி போடுறேன்.”

‘வேணாம்’ என்ற சொல் கருத்தக்கண்ணனின் நாக்கு வரை வந்தது. அடுத்த கேள்வியும் அதற்கு அடுத்ததும் கண்ணுக்குத் தெரிந்தன. சட்டென்று அவரே கேட்டார்.

“காப்பி கெடக்கட்டும்த்தா. மோரு இருக்கா ஒங்க வீட்டுல? நல்லா உப்புப் போட்டு ஒரு செம்பு கொண்டா. வெயில்ல வந்தது வறட்சியா இருக்கு.”

பாண்டீஸ்வரியின் முகம் மலர்ந்தது. “இல்லாமலா மாமா! இந்தா, இப்பக் கடைஞ்சது. கேட்டு வாங்கிக் குடிக்கிற மனுசர நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். வாரவுகல்லாம் குடுத்தாலே மொகத்தச் சுளிக்கிறாக.”

வெளியே வந்ததும் முத்துமீனா அவர் முழங்கையை இடித்தாள். “இது சிஸ்டர் சொல்லித் தரலையே?”

“நானாத்தேன். வேணாம்னு சொன்னாத்தான கோவிக்கிறாக? இதைக் குடுன்னு உரிமையாக் கேட்டா எவ கோவிப்பா?”

“ஆத்தாடி, இம்புட்டு மூளையா ஒங்களுக்கு!”

அன்று வீட்டுக்கு வீடு மோர் கேட்டார். சில வீட்டில் மோர் இல்லை. ‘பழைய சோத்து நீச்சத்தண்ணி இருந்தா ஊத்து’ என்றார். அதுவும் இல்லாத வீட்டில் வெந்நீர் வாங்கிக் குடித்தார். யாரும் வருத்தப்படவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை. பத்திரிகைக் கட்டு பாதியாகியிருந்தது. தமிழ்ச்செல்விக்கு அவரே போன் போட்டுச் சொன்னார்.

“சிஸ்டர், ஒரு காப்பி உள்ள போகல!”

“அண்ணே!” என்று தமிழ்ச்செல்வி போனில் கத்தியது பக்கத்தில் நின்ற முத்துமீனாவுக்கும் கேட்டது.

அந்தச் சந்தோஷம் வீடு வந்து சேர்வதற்குள் அசோக்குமாரின் போனில் கரைந்தது.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது. காதுல போட்டு வைக்கிறேன்.”

“என்னடா?”

“வீட்டுக்கு வீடு மோர் வாங்கிக் குடிச்சீங்களாமே. ‘ராத்திரி போட்டது இன்னும் எறங்கல, அதேன் மோரு மோருன்னு அலையுறாரு’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. கூடவே அண்ணியக் காவலுக்குக் கூட்டிட்டு வந்தாருன்னும் சொல்றாக. நான் இல்லைன்னு சொல்லிப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டு கதைய எடுத்து வைக்கிறாங்க. என்ன பதில் சொல்லட்டும்ணே?”

கருத்தக்கண்ணன் போனை வைத்தார். மறுநாள் சம்பந்தி மொக்கையன் கூப்பிட்டார். ‘ஞாயித்துக்கெழமை நானும் வீட்டுலயும் வாரோம். கொஞ்சம் பேசணும்’ என்று மட்டும் சொன்னார். ‘சம்பந்தி’ என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

*

“ஒங்க பேச்சைக் கேட்டேன்ல சிஸ்டர்? இப்ப எந்தப் பக்கம் போனாலும் அடி.”

இந்த முறை கூட வந்தது திவ்யா. தமிழ்ச்செல்விக்கு எதிரே தகப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆமாண்ணே. சுகரைச் சொல்லாமயே சமாளிச்சிரலாம்னு நெனச்சது என் யோசனைதான். அது பாதி தூரந்தான் வந்துச்சு. காப்பி நின்னுருச்சு, பேச்சு நிக்கல.”

“மறுபடி காப்பியே குடிச்சுத் தொலைக்கிறேன்.”

“குடிச்சா?”

“கல்யாணம் வரைக்கும் தாங்குனாப் போதும்.”

“அப்பா” என்றாள் திவ்யா. “அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் என்ன?”

“நான் அந்த வீட்டுக்குப் போயிருவேன்ல? நீங்க என்னையப் பாக்க வருவீங்க. வரும்போதெல்லாம் எங்க அத்தை ஒரு தட்டு ஸ்வீட்டும் டம்ளர் நெறையக் காப்பியும் கொண்டு வந்து வைப்பாங்க. நான் பக்கத்துல நின்னு, ‘சாப்பிடுங்கப்பா’ன்னு சொல்லணும். ஒங்களுக்கு வெசம்னு தெரிஞ்சுக்கிட்டே, சிரிச்ச மொகமா. எம்புட்டு நாளைக்குப்பா நான் அதைச் செய்யணும்?”

கருத்தக்கண்ணன் மகளைப் பார்க்கவில்லை.

“பெரியப்பா மக மாதிரி எனக்கு ஆயிரும்னு பயப்படுறீங்க” என்றாள் அவள். “அவ இப்ப நல்லாத்தான் இருக்கா. வேண்டாம்னு போனவுக வீட்டுக்கு அவ போகாததே நல்லதுன்னு அவளே சொல்றா. தெரிஞ்சு கட்டுனா கட்டட்டும். தெரியாம கட்டிட்டு நாளைக்குத் தெரிஞ்சா, அப்பா பேரு பொய்காரர்னு ஆகும். குடிகாரரு, அதுக்கு மேல பொய்காரரு.”

தமிழ்ச்செல்வி குறுக்கே பேசவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா?” என்றார் பிறகு. “இந்த அறைக்கு எத்தனை வருசமா வாரீங்க. ஒரு தடவையாவது ‘எனக்குச் சுகர் இருக்கு’ன்னு ஒங்க வாயால சொல்லிருக்கீங்களா?”

“சொல்லாமலா?”

“இல்ல. ‘அது’ம்பீங்க. ‘இந்த விசயம்’பீங்க. ‘கொஞ்சம் கூடுதலா இருக்கு’ம்பீங்க. அண்ணனைப் பத்திச் சொன்னப்பக் கூட ‘எனக்கும் இருந்துச்சு’ன்னுதான் சொன்னீங்க. என்ன இருந்துச்சுன்னு சொல்லல.”

கருத்தக்கண்ணன் யோசித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“சொல்லிப் பாருங்க. இங்க யாரு இருக்கா? நானும் ஒங்க மகளும்.”

“எனக்கு…” தொண்டையைக் கனைத்தார். “எனக்கு அந்த…” நிறுத்தினார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். இந்த முறை போட்டுக்கொண்டார். “எனக்குச் சுகர் இருக்கு.”

“இன்னொரு தடவ.”

“எனக்குச் சுகர் இருக்கு சிஸ்டர்! எங்க அண்ணனுக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கு. போதுமா?”

“எனக்குப் போதும். ஒங்களுக்கு?”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சுமை இறக்கியவர் போல இல்லை, இனிமேல்தான் தூக்கப் போகிறவர் போல இருந்தார்.

“ஞாயித்துக்கெழமை நான் வரட்டுமாண்ணே? அவுக என்ன கேட்டாலும் நான் விளக்கிச் சொல்றேன்.”

“வேணாம் சிஸ்டர். நீங்க வந்தீங்கன்னா சிஸ்டர் சொல்லிக் குடுத்துச் சொன்னதா ஆயிரும். பிள்ளைக்கு வருமா வராதா, அதை மட்டும் எனக்கு இப்ப உள்ளது உள்ளபடி சொல்லுங்க. அவுக அதைத்தான் கேப்பாக.”

தமிழ்ச்செல்வி உள்ளதைச் சொன்னார். வரலாம், வராமலும் இருக்கலாம். பெற்றவர்களுக்கு இருந்தால் வாய்ப்புக் கூடுதல். உடம்பைப் பார்த்துக்கொண்டால் தள்ளிப்போடலாம், சிலருக்கு வராமலே தடுக்கலாம். இன்று எடுக்கும் ரத்தப் பரிசோதனை இன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். கருத்தக்கண்ணன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல. தப்பாகச் சொன்ன இடத்தில் திவ்யா திருத்தினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மொக்கையனும் அவர் மனைவி சின்னத்தாயும் வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. சின்னத்தாய் கையில் ஜாங்கிரிப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் முத்துமீனாவுக்கு உயிர் வந்தது. உறவை முறிக்க வருகிறவர்கள் இனிப்பு வாங்கிவர மாட்டார்கள்.

மொக்கையன் வெயிலைப் பற்றிப் பேசினார். பருத்தி விலையைப் பற்றிப் பேசினார். மண்டபத்தில் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டார். பிறகு துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மோரு நெறையக் குடிக்கிறீங்களாம்.”

“ஆமா.”

“நானும் வயசுல குடிச்சவன்தான். இல்லைங்கல. ஆனா வெளிய வச்சுக்க மாட்டேன். பத்திரிகை கையில இருக்கும்போது பஸ் ஸ்டாண்டுல… நல்லாவா இருக்கு? என் மகன் ஆபீஸ்ல கூட ஒருத்தன் கேட்டுட்டானாம். விட்டுருங்க. கல்யாணம் முடியிற வரைக்காவது விட்டுருங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிக்கிட்டே இருக்கேன்.”

“எடுத்துக்கங்கண்ணே, மொதல்ல வாய இனிப்பாக்குங்க” என்று சின்னத்தாய் பெட்டியைத் திறந்து நீட்டினாள். “பொறகு பேசிக்கலாம்.”

சரி என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். கல்யாணம் நடக்கும். அடுக்களை வாசலில் திவ்யா நிற்பது கருத்தக்கண்ணனுக்குத் திரும்பாமலே தெரிந்தது.

பெட்டியை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

“தங்கச்சி, கோவிச்சுக்காத. இது எனக்கு ஆகாது. சம்பந்தி, நான் குடிக்கிறவன் இல்ல. எனக்குச் சுகர் இருக்கு.”

மொக்கையன் துண்டை மடிப்பதை நிறுத்தினார்.

“ரொம்ப வருசமா இருக்கு. எங்க அண்ணனுக்குக் கால எடுத்தது அதுலதான். அன்னைக்கு நான் மாத்திரையக் கூடப் போட்டுட்டு, சாப்பிடாம அலைஞ்சு விழுந்தேன். புத்தி கெட்டத்தனம். நிச்சயத்தப்பவே ஒங்ககிட்டச் சொல்லிருக்கணும். பயந்துக்கிட்டு சொல்லல.”

“குடின்னா ஒரு அதட்டு அதட்டிட்டுப் போயிருப்பேன்” என்றார் மொக்கையன் மெல்ல. “இது என்ன… இதை எங்கிட்டு வச்சுப் பேசுறது?”

“நேராவே பேசுங்க.”

மொக்கையன் மனைவியைப் பார்த்தார். சின்னத்தாய் ஜாங்கிரிப் பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

“அண்ணே, நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்கு ஒத்தப் பையன். திவ்யாவுக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?”

முத்துமீனா வெடித்தாள். “என் பிள்ளை என்ன சந்தையில நிக்கிற மாடா, பல்லப் பிடிச்சுப் பாக்குறதுக்கு?”

“இரு மீனா. கேக்கட்டும். கேக்கணும்னுதான நான் சொன்னேன்.” கருத்தக்கண்ணன் சின்னத்தாயின் பக்கம் திரும்பினார். “எடுக்கல தங்கச்சி. பிள்ளைக்கு வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு இருக்குறதுனால அவளுக்கு வர வாய்ப்புக் கூடுதல்தானாம். பாத்து நடந்துக்கிட்டா தள்ளிப் போடலாமாம், வராமயும் இருக்கலாமாம். இன்னைக்கு டெஸ்ட்டுல இல்லைன்னு வந்தாலும் அது இன்னைக்கு உள்ள பதில்தான். எங்களைப் பாக்குற சிஸ்டரு சொன்னதை அப்பிடியே சொல்றேன். கூட்டல, கொறைக்கல.”

“அப்ப நாங்க என்னன்னுதான்…” என்று சின்னத்தாய் இழுத்தாள்.

“நான் எடுத்துக்கிறேன் அத்தை.” திவ்யா அடுக்களை வாசலை விட்டு வெளியே வந்தாள். “எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா நான் மட்டும் தனியா எடுக்க மாட்டேன்.”

மொக்கையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளை அவர் பார்த்தது அப்போதுதான். முத்துமீனா மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் நகரவில்லை.

கருத்தக்கண்ணன் எழுந்து நின்றார்.

“கேட்டீங்கள்ல சம்பந்தி? செவ்வாக்கெழமை காலையில வெறும் வயித்தோட என் மகளை நான் கூட்டிட்டு வாரேன், மாப்பிள்ளைய நீங்க கூட்டிட்டு வாங்க. நாம ரெண்டு பேரும் எடுத்துக்குவோம். நாலு பேரும் அந்தக் கிளினிக் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து கைய நீட்டுவோம். யாருக்கு என்ன வந்தாலும் அங்கயே தெரிஞ்சுக்குவோம். வாரீங்களா?”